ஜன்னியும் சீழும்

விழுப்புரம் மாவட்டத்தின் அனந்தபுரத்திலோ செஞ்சியிலோ திண்டிவனத்துத் தெருவொன்றிலோ, காய்ச்சலில் கிடக்கும் ஒன்றரை வயதுக் குழந்தைக்குத் திடீரென்று கண் மேலே செருகி, பல் கிட்டி, கைகால் வெட்டி இழுத்தால் அக்கம்பக்கம் முழுவதும் கூடிவிடும். ‘ஜன்னி கண்டிருச்சு’ என்று ஒருவர் சொல்வார். இன்னொருவர் குழந்தையின் கையில் சாவியைத் திணிப்பார். மூன்றாமவர் ஆட்டோவுக்கு ஓடுவார். அதே தெருவில் நாலு வயதுப் பிள்ளை ஒன்றுக்கு மூன்று மாதமாகக் காதில் சீழ் வடிந்துகொண்டிருக்கும். அதற்காக யாரும் ஓடுவதில்லை. ‘சளி புடிச்சா அவனுக்கு அப்படித்தான், வளந்தா சரியாப் போயிடும்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஒன்று நம்மைப் பயமுறுத்துகிறது, மற்றது பயமுறுத்தவில்லை. ஆனால் பத்து வருடம் கழித்துப் பள்ளியில் எந்தப் பிள்ளை பின்தங்கி உட்கார்ந்திருக்கும் என்று பந்தயம் கட்டச் சொன்னால், விவரம் தெரிந்த குழந்தை மருத்துவர் காதில் சீழ் வடிந்த பிள்ளையின் பக்கம்தான் கட்டுவார். குழந்தை நோய்கள் நம்மிடம் எழுப்பும் பயத்தின் அளவும், அவை குழந்தையின் வளர்ச்சிக்குச் செய்யும் சேதத்தின் அளவும் பொருந்திப் போவதில்லை என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். பொருந்தாதபோது பயத்தை மட்டும் நம்பி முடிவெடுத்தால் தேவையில்லாத இடத்தில் மருந்தும், தேவையான இடத்தில் மௌனமும்தான் மிஞ்சும். எண்ணிப் பார்க்கக்கூடிய அடையாளங்கள் சில உண்டு. அவை மருத்துவரிடம் மட்டும் இருக்க வேண்டியவையல்ல.

முதலில் ஜன்னி. ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சல் வேளையில் ஒருமுறையாவது வலிப்பு வருகிறது. மருத்துவத்தில் இதற்குக் காய்ச்சல் வலிப்பு என்று பெயர். முதிராத மூளை காய்ச்சலுக்குக் காட்டும் எதிர்வினை இது. பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும். ஒருமுறை வந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினருக்கு இன்னொரு காய்ச்சலில் மறுபடி வரலாம். ‘மூளை பாதிச்சிருக்குமோ’ என்பதுதான் எல்லாத் தாய்மாரும் கேட்கும் கேள்வி. பிரிட்டனில் 1970 ஏப்ரலில் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளைப் பத்து வயதுவரை பின்தொடர்ந்த ஓர் ஆய்வு இதற்குத் தெளிவான பதில் தந்தது. மொத்தம் 14,676 குழந்தைகள். அவர்களில் 381 பேருக்குக் காய்ச்சல் வலிப்பு வந்திருந்தது. பத்து வயதில் படிப்பு, அறிவுத்திறன், நடத்தை மூன்றையும் அளந்தபோது அந்தக் குழந்தைகள் மற்றவர்களுக்குச் சளைக்காமல் இருந்தார்கள். 1998இல் வெளிவந்த இந்த முடிவைப் பிந்தைய ஆய்வுகளும் பெரிதாக மாற்றவில்லை. எளிய காய்ச்சல் வலிப்பு வந்தவர்களில் பின்னாளில் கால்கை வலிப்பு நோய் வருவது நூற்றுக்கு ஓரிருவருக்கே. ஆகவே வலிப்பு வரும் அந்த நேரத்தில் வேலை கொஞ்சம்தான்: குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் வழியும் எச்சிலைத் துடைக்க வேண்டும், மணி பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108 ஆம்புலன்ஸ். சாவியால் கெடுதல் இல்லை, பயனும் இல்லை. பல்லிடுக்கில் கரண்டி திணிப்பது பல்லை உடைக்கும், மூச்சை அடைக்கும். சூடு போடுவதால் மிஞ்சுவது தழும்பு மட்டும். பாரசிட்டமால் குழந்தையின் அவதியைக் குறைக்கும்; அடுத்த வலிப்பைத் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை.

அப்படியானால் வலிப்பு வந்த குழந்தையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், கூடாது. அதற்கான காரணம் இந்த மண்ணிலேயே இருக்கிறது. விழுப்புரம் மாவட்டம் 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்தின் பகுதி. ஏரிப்பாசனமும் நெல்வயலும் கொக்கும் பன்றியும் மனிதரும் நெருங்கி வாழும் நிலம் அது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமிக்கு இதைவிடத் தோதான இடம் வேண்டியதில்லை. தேங்கிய வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் இனக் கொசு, நீர்ப்பறவைகளிடமிருந்தும் பன்றிகளிடமிருந்தும் கிருமியை எடுத்து மனிதரிடம் சேர்க்கிறது. இந்தியாவில் இந்நோயின் முதல் தடயம் 1955இல் வேலூர்ப் பகுதியில் கிடைத்தது. 1980களில் தென்னார்க்காட்டுக் கிராமங்களில் குழந்தைகளை அது மீண்டும் மீண்டும் தாக்கியது. மதுரையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய மருத்துவப் பூச்சியியல் மையம் விருத்தாசலம், திருக்கோவிலூர்ப் பக்கத்து வயல்களில் வருடக்கணக்கில் கொசு பிடித்து ஆராய்ந்தது அதனால்தான். கிருமி தொற்றியவர்களில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்குத்தான் மூளைக்காய்ச்சல் முற்றுகிறது. முற்றியவர்களில் பத்துக்கு மூன்று பேர்வரை இறக்கலாம். பிழைத்தவர்களிலும் ஏறக்குறைய அதே பங்கினருக்குக் கைகால் முடக்கம், பேச்சிழப்பு, திரும்பத் திரும்ப வலிப்பு, படிப்பில் தடுமாற்றம் என்று ஏதாவதொன்று நிலைத்துவிடுகிறது.

வெளியிலிருந்து பார்க்க இரண்டும் வலிப்புதான். வித்தியாசம் வலிப்பு நின்ற பிறகு தெரியும். காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தை கொஞ்ச நேரம் அயர்ந்து தூங்கி, ஒரு மணி நேரத்துக்குள் அம்மாவின் முகத்தைத் தேடும், பால் கேட்கும், ஊசி போட வந்தால் வீறிட்டு அழும். மூளைக்காய்ச்சலோ மூளை உறைக்காய்ச்சலோ உள்ள குழந்தை தெளியாது. கூப்பிட்டால் பதில் இராது, கழுத்து விறைத்திருக்கும், வாந்தி நிற்காது, ஒரு பக்கத்துக் கைகால் மட்டும் அசையாமல் கிடக்கலாம். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தையிடம் கழுத்து விறைப்பையும் எதிர்பார்க்க முடியாது, உச்சிக்குழி புடைத்திருப்பதுதான் தடயம். எனவே ஜன்னியைக் கண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது சரியே. காய்ச்சல் இறங்கி, பிள்ளை சிரிக்கத் தொடங்கியதும் கதை முடிந்தது என்று நினைப்பதில்தான் பிசகு. மூளைக்காய்ச்சலிலிருந்து மீண்ட குழந்தை வீட்டுக்கு நடந்தே போனாலும், அதன் காது கேட்கிறதா, பழைய வார்த்தைகள் எல்லாம் திரும்பியிருக்கின்றனவா என்று மூன்று மாதம் கழித்தும் ஆறு மாதம் கழித்தும் பார்த்தாக வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘ரிவ்யூ’ என்று எழுதியிருப்பது காய்ச்சலுக்காக அல்ல என்று அந்தத் தாய்க்கு யாராவது விளக்கியிருக்க வேண்டும்.

பயம் இடம் மாறி உட்காரும் இன்னொரு நோய் நெஞ்சுச்சளி. குழந்தையின் மூச்சில் ‘கர் கர்’ என்று சத்தம் வந்தால் வீடு கலங்கிவிடும். தனியார் கிளினிக்கில் அன்றே ஆன்டிபயாட்டிக் சிரப்பு கைக்கு வந்துவிடும். அந்தச் சத்தத்தில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தேங்கிய சளி, அதற்குக் காரணம் வைரஸ், வைரஸுக்கு அந்தச் சிரப்பால் ஒன்றும் ஆகாது. நிமோனியா பல நேரம் இவ்வளவு சத்தம் போடுவதில்லை. அதைக் கண்டுபிடிக்க உலக சுகாதார நிறுவனம் கிராம சுகாதாரப் பணியாளர்களுக்குக் கற்றுக்கொடுத்த முறை வியக்கவைக்கும் அளவுக்கு எளிமையானது. குழந்தை அழாமல் இருக்கும்போது, சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதைக் கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது சரிவராது. சிறு குழந்தையின் மூச்சு சீராக ஓடாது, சில நொடி நின்று பிறகு வேகமாக ஓடும். இரண்டு மாதத்துக்குக் கீழே 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் ஐந்து வயதுவரை 40: இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியாவாக இருக்கலாம். மூச்சை உள்ளிழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி குழிந்து உள்ளே போனால் ஆஸ்பத்திரி. பால் குடிக்க முடியாமை, குடித்ததெல்லாம் வாந்தி, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், வலிப்பு ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் எண்ணிக்கொண்டிருக்காமல் கிளம்ப வேண்டும். ஸ்டெதாஸ்கோப் இல்லாமல், எட்டாவது படித்த ஒருவர் செய்யக்கூடிய கணக்கு இது. செல்போனில் நொடிமுள் இல்லாத வீடு இன்று ஏது?

இனிக் காது. குழந்தையின் நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழல் பெரியவர்களுடையதைவிடக் குட்டை, கிட்டத்தட்டப் படுக்கைவசமாகவும் இருக்கிறது. சளி பிடித்தால் கிருமி சுலபமாக ஏறிவிடும். ஏறியது வடிவதற்கு வழி சரியாக இராது. வலியும் காய்ச்சலும் நாலைந்து நாளில் போய்விடும். நடுக்காதில் தேங்கிய நீர் போகாது. பாஸ்டன் நகரில் பின்தொடர்ந்த குழந்தைகளில், காதுத் தொற்று வந்து இரண்டு வாரம் கழித்தும் நூற்றுக்கு 70 பேருக்கு நீர் இருந்தது. ஒரு மாதம் கழித்து 40 பேருக்கு, இரண்டு மாதம் கழித்து 20 பேருக்கு, மூன்று மாதத்தில் 10 பேருக்கு. அந்த நீர் சராசரியாக 25 டெசிபெல் அளவுக்குக் கேட்கும் திறனைக் குறைக்கிறது. இரண்டு காதிலும் விரலை வைத்து லேசாக அடைத்துக்கொண்டு வீட்டில் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள். கூப்பிடுவது கேட்கும், பேசுவது புரியும், ஆனால் மெல்லிய ஒலிகளும் சொல்லின் கடைசி ஒலிகளும் நழுவிவிடும். ‘வந்தா’ என்றாளா, ‘வந்தான்’ என்றாளா? தமிழில் ஆண், பெண், பன்மை, மரியாதை எல்லாவற்றையும் சொல்லின் வால்தான் சுமக்கிறது. பேசக் கற்கும் வயதில் அந்த வால் அறுந்து கேட்டால் அறுந்ததைத்தான் பிள்ளை கற்கும். இப்படிப்பட்ட பிள்ளையை வீட்டில் செவிடு என்று யாரும் சொல்வதில்லை. ‘சொன்ன பேச்சே கேக்க மாட்டேங்கறான்’, ‘டிவிய அலற வுடறான்’ என்றுதான் சொல்கிறார்கள். அடி வாங்குவதும் உண்டு.

தொற்று திரும்பத் திரும்ப வந்து செவிப்பறையில் ஓட்டை விழுந்தால் சீழ் வடியும். 1990களில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் சுற்றுவட்டாரக் கிராமங்களில் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் காதைப் பார்த்தபோது ஏறத்தாழ 6 விழுக்காட்டினருக்கு நாள்பட்ட சீழ்க்காது இருந்தது. இதில் 4 விழுக்காட்டைத் தாண்டினாலே அவசரக் கவனம் தேவை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். இத்தனைக்கும் இதன் முதற்கட்டச் சிகிச்சை மிக மலிவானது. சுத்தமான பருத்தித் துணியைத் திரிபோல் முறுக்கிக் காதில் வைத்து, நனைந்ததும் எடுத்துவிட்டு வேறு வைத்து, உலரும்வரை நாளில் மூன்று நான்கு முறை செய்வது. மருத்துவர் எழுதித் தரும் சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டு மருந்தை இரண்டு வாரம் விடுவது. குளிக்கும்போதும் ஏரியில் கிணற்றில் குதிக்கும்போதும் தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்வது. எண்ணெய் காய்ச்சி விடுவதும், பூண்டுச்சாறு பிழிவதும், பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டியதும் காதில் மூக்கில் வாய் வைத்து ஊதுவதும் கிருமிக்குத்தான் உதவி. இரண்டு வாரத்துக்கு மேல் வடிந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். காதின் பின்புறம் வீங்கினாலோ, கடும் தலைவலியோடு வாந்தி வந்தாலோ அன்றைக்கே போயாக வேண்டும். அந்த நிலையில் சீழ் எலும்பை அரித்து மூளைப் பக்கம் போயிருக்கலாம்.

இந்த இடத்தில் வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதை மறைத்துவிட்டு வாதத்தை நகர்த்துவது நேர்மையாகாது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் 1990களில் ஜாக் பாரடைஸ் என்ற மருத்துவரின் குழு 6,350 பச்சிளம் குழந்தைகளைச் சேர்த்து, காதில் நீர் நீண்ட நாள் தேங்கிய 429 பேரை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினருக்கு உடனே செவிப்பறையில் சிறு குழாய் பொருத்தினார்கள். மற்றவர்களுக்கு ஆறு அல்லது ஒன்பது மாதம் காத்திருந்து, நீர் வற்றாதவர்களுக்கு மட்டும் பொருத்தினார்கள். மூன்று வயதிலும் ஆறு வயதிலும் பத்து வயதை ஒட்டியும் பேச்சு, படிப்பு, நடத்தை எதிலும் இரு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அப்படியென்றால் தேங்கிய நீரால் பேச்சு கெடும் என்பது வீண் கவலையா? குழாய் வைப்பதற்கு அவசரப்பட வேண்டாம் என்பதை அந்த ஆய்வு ஐயமின்றி நிறுவியது. பணக்கார நாடுகளில் தேவையற்ற அறுவைகள் குறைய அது காரணமாயிற்று. ஆனால் ‘காத்திருந்த’ பிரிவினருக்கு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். அவர்களின் காதைக் குறித்த இடைவெளியில் மருத்துவர் பார்த்துக்கொண்டே இருந்தார், கேட்கும் திறனை அளந்தார்கள், மாதக்கணக்குக்கு மேல் விடவில்லை. செவிப்பறை ஓட்டையோடு இரண்டு மூன்று வருடம் சீழ் வடியும் செஞ்சித் தாலுகாப் பிள்ளையின் காத்திருப்பு அந்த வகையைச் சேர்ந்ததன்று. அதற்குக் கேட்கும் இழப்பும் அதிகம், காலமும் அதிகம், பார்ப்பவரும் இல்லை. மூன்று மாதம் பொறுத்திருந்து, அதன் பிறகும் நீர் இருந்தால் கேட்கும் திறனை அளந்துவிட்டு முடிவெடுப்பது என்பது பாரடைஸின் முடிவோடு எவ்வகையிலும் முரண்படாது.

பயமே எழுப்பாமல் பெரும் சேதம் செய்யும் நோய்களுக்கு ரூபெல்லாதான் உச்ச உதாரணம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இருக்கும் பெண்ணுக்கு லேசான காய்ச்சல், மூன்று நாள் தடிப்பு. வேர்க்குரு என்று நினைத்து அவள் விட்டுவிடக்கூடும். வயிற்றிலிருக்கும் கருவுக்கோ காது, கண், இதயம் மூன்றும் போகலாம். 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கண்புரையோடு பிறந்த குழந்தைகள் ஏன் கும்பலாக வருகிறார்கள் என்று யோசித்து, தாய்மாரின் கர்ப்பகால ‘ஜெர்மன் அம்மை’யோடு அதை இணைத்தார். இதைத் தடுக்கும் தட்டம்மை ரூபெல்லா ஊசியைத் தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயதுவரை எல்லோருக்கும் பள்ளிகளிலேயே போடத் தொடங்கியபோது, வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால் பல ஊர்களில் பெற்றோர் மறுத்தார்கள். நோயின் மீது வராத பயம் ஊசியின் மீது வந்தது. குடல் தொற்றிலும் சேதம் இப்படிப் பயமுறுத்தாமல்தான் நடக்கிறது. எட்டு நாடுகளில் வேலூர் உட்பட எட்டு இடங்களில் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த மால்-எட் ஆய்வில், உயரம் குன்றுவதோடு தெளிவாகத் தொடர்புபட்டவை வயிற்றுப்போக்கே இல்லாத நாட்களிலும் மலத்தில் காணப்பட்ட ஷிகெல்லா, கேம்பைலோபேக்டர், ஜியார்டியா போன்ற கிருமிகள். பேதி வந்தால் ஓஆர்எஸ் கரைசலும் 14 நாள் துத்தநாக மாத்திரையும் உண்டு, ‘சீர் தட்டிருச்சு’ என்று மந்திரிக்கப் போகாமல் இருந்தால் போதும். பேதியில்லாத நாட்களின் தொற்றுக்கு அப்படிப்பட்ட கைமருந்து இல்லை. சுத்தமான தண்ணீரும் சோறும்தான். இரத்தசோகையும் அப்படியே ஓசையற்றது: 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அது இருந்தது, வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்புச்சத்து சிரப்பு இலவசமாகக் கிடைத்தும் பல வீடுகளில் அது அலமாரியில் நிற்கிறது, பிள்ளைக்கு மலம் கறுப்பாகப் போகிறது என்பதால்.

சத்தமில்லாத சேதத்தைக் கண்டுபிடிக்க, சத்தமில்லாத நாளிலும் பார்க்கத்தான் வேண்டும். அப்படிப்பட்ட நாள் ஏற்கெனவே அட்டவணையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது குழந்தைகள் முழுத் தடுப்பூசி பெறுகிறார்கள். விழுப்புரம் மாவட்டக் குழந்தைக்கு, பல மாவட்டங்களில் இல்லாத ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசியும் சேர்த்துப் போடப்படுகிறது. முதல் தவணை 9 மாதம் முடிந்ததும், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள், இரண்டும் தட்டம்மை ரூபெல்லா ஊசியோடு. இந்த இரண்டு வயதுகளும் வளர்ச்சியைக் கணிக்கவும் வாகானவை என்பதை யாரும் பெரிதாகப் பயன்படுத்திக்கொள்வதில்லை. ஒன்பது மாதத்தில் குழந்தை பிடிமானம் இல்லாமல் உட்காருகிறதா, பின்னாலிருந்து வரும் ஓசைக்குத் திரும்புகிறதா, ‘பபப’, ‘தாதா’ என்று அடுக்கிப் பேசுகிறதா, வேற்று முகத்தைக் கண்டால் அம்மாவிடம் ஒட்டுகிறதா? பதினெட்டு மாதத்தில் நடக்கிறதா, அர்த்தத்தோடு சில வார்த்தையாவது சொல்கிறதா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பார்க்கிறதா, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுகிறதா? விரல் நீட்டுவது சின்ன விஷயமாகத் தெரியும். நிலாவையோ நாயையோ காட்டிவிட்டு ‘நீயும் பாரு’ என்பதுபோல் அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் அந்தச் செய்கை இல்லாதது ஆட்டிசத்தின் தொடக்க அடையாளங்களில் முக்கியமானது. இரண்டு வயதில் ‘அம்மா வா’, ‘பால் குடு’ என்று இரு சொல் சேர வேண்டும். எந்த வயதிலும், வந்த பேச்சோ பழகிய செயலோ திரும்பிப் போனால் காத்திருக்கக் கூடாது. 17 கேள்விகளில் இதைச் செய்துமுடிக்கும் திருவனந்தபுர வளர்ச்சிக் கணிப்பு அட்டையைக் கேரளத்தின் எம்.கே.சி. நாயர் குழு உருவாக்கி முப்பது வருடத்துக்கு மேலாகிறது.

‘அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினாரு’ என்ற பாட்டியின் வாதத்தைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. இரண்டு வயதில் தாமதமாகப் பேசும் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் பள்ளி சேரும் முன் மற்றவர்களை எட்டிப்பிடித்துவிடுகிறார்கள் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. பாட்டி சொல்வது பெரும்பான்மைக் கணக்கில் சரி. சிக்கல், எந்தப் பிள்ளை எட்டிப்பிடிக்கும், எது பிடிக்காது என்று இரண்டு வயதில் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததில் இருக்கிறது. தாமதத்துக்குக் காரணம் காது என்றால் அதைப் பொறுமையால் திறக்க முடியாது. அதனால்தான் பேச்சு தாமதமான எந்தக் குழந்தைக்கும் முதல் பரிசோதனை காது. அது சரியாக இருந்து, பிள்ளை விரல் நீட்டுகிறது, சொல்வது புரிகிறது, விளையாடுகிறது என்றால் பாட்டியோடு சேர்ந்து ஆறு மாதம் காத்திருக்கலாம். மருத்துவருக்கும் அதில் ஆட்சேபம் இராது. ஊர்ப்பேச்சைப் பற்றிய தயக்கமும் நியாயமானதே. ‘புள்ளைக்கு ஏதோ கொற’ என்று ஒருமுறை பேர் வந்துவிட்டால் அது கல்யாணம்வரை துரத்தும் என்று குடும்பம் அஞ்சுகிறது. ஆனால் பேர் வைப்பதைத் தள்ளிப்போட்டால் ஊர் பேர் வைக்காமல் இருப்பதில்லை; ‘மக்கு’, ‘அடங்காதது’ என்று அது முன்னதாகவே வைத்துவிடுகிறது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலையில் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும்போது இதையெல்லாம் யார் கேட்பது என்பது அடுத்த ஆட்சேபம். நேரம் பற்றிய கவலை மெய்தான். ஆனால் எண்ணிக்கையைக் கவனித்தால் கேட்காமல் விடுவதுதான் செலவு. இந்தியாவில் ஐந்து இடங்களில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், இரண்டிலிருந்து ஆறு வயதுக்குள் கிட்டத்தட்டப் பதினொன்றில் ஒரு குழந்தைக்கும், ஆறிலிருந்து ஒன்பது வயதுக்குள் ஏழில் ஒரு குழந்தைக்கும் ஏதாவதொரு நரம்பு வளர்ச்சிக் குறைபாடு காணப்பட்டது; பாதிக்கப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஒன்றுக்கு மேல். காது கேளாமை முன்வரிசையில் இருந்தது. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைநலத் திட்டத்தின் 30 நோய்கள் கொண்ட பட்டியலில் காதுத் தொற்றும் வலிப்பும் கேட்கும் குறையும் பேச்சுத் தாமதமும் ஆட்டிசமும் ஒன்றாகவே இடம்பெறுகின்றன. திட்டம் வகுத்தவர்கள் தொற்றையும் வளர்ச்சியையும் பிரிக்கவில்லை, பிரிப்பது நடைமுறையில்தான். நடமாடும் குழு வருடத்துக்கு இருமுறை பால்வாடிக்கும் ஒருமுறை அரசுப் பள்ளிக்கும் வர வேண்டும். அன்றைக்குப் பிள்ளை வராமல் போனால் அடுத்த வாய்ப்புக்கு மாதக்கணக்கு. ஆகவே நர்ஸம்மா ஊசி போடும் அந்த ஐந்து நிமிடத்தில் இரண்டே கேள்வி, ‘கூப்பிட்டா திரும்பறானா, கை நீட்டிக் காட்டறானா’ என்று கேட்பது பெரிய சுமையாகாது. ‘இல்லை’ என்ற பதிலுக்கு ஒரு சீட்டு எழுத வேண்டும், அவ்வளவுதான். 2010இல் தொடங்கிய விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி முண்டியம்பாக்கத்தில், நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருக்கிறது. அனந்தபுரத்திலிருந்து அங்கே போய்வர ஒருநாள் கூலி போகும் என்பதை மறுக்க முடியாது. கூலி போகும் நாளை ஒன்றோடு முடிக்க, காது, கண், வளர்ச்சி மூன்றையும் ஒரே வருகையில் பார்த்தனுப்பும் ஏற்பாடு வேண்டும். நாலு ஓபிக்கு நாலு நாள் அலையவிட்டால் அந்தத் தாய் மூன்றாவது நாள் வரமாட்டாள்.

நேரக் கணக்கு எவ்வளவு இறுக்கமானது என்பதைப் பிறவிக் காது கேளாமையில் பார்க்கலாம். அமெரிக்காவின் கொலராடோவில் 150 குழந்தைகளை ஒப்பிட்ட 1998ஆம் ஆண்டு ஆய்வில், ஆறு மாதத்துக்குள் கண்டறிந்து உதவி தொடங்கியவர்களின் மொழித்திறன், பிறகு கண்டறியப்பட்டவர்களைவிடத் தெளிவாக மேலாக இருந்தது. ஒலி வராத மூளைப்பகுதியை மற்ற புலன்கள் ஆக்கிரமித்துக்கொள்கின்றன; வயது ஏற ஏற அதை மீட்பது கடினம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இலவசமாகச் செய்யப்படுவதற்குக் காரணமும் அதுதான். அறுவைக்கு முன் செவிநரம்புப் பரிசோதனை, ஸ்கேன், காதுக்கருவி மாட்டிச் சில மாதம் சோதிப்பது, நிமோகாக்கல் ஊசி. அறுவைக்குப் பின் குறைந்தது ஒரு வருடம் கேட்டுப் பேசும் பயிற்சி. ஒன்பது மாத ஊசியன்று ‘ஓசைக்குத் திரும்பல’ என்று சொன்ன குழந்தைக்கு இவை எல்லாம் இரண்டு வயதுக்குள் முடிந்துவிடலாம். ஐந்து வயதில் முதல் வகுப்பு டீச்சர் சொல்லித் தெரியவரும் குழந்தைக்கு, திட்டத்தின் கதவு மூடுவதற்குள் கையில் இருப்பது பன்னிரண்டு மாதத்துக்கும் குறைவு.